பெரிய சுற்று வேண்டாம் என்று நீ சொல்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், முதல் சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. நீ நலமா என்று அறிய ஆவல், அந்தப் பாதி மட்டும் உண்மை, அதை எடுத்துக்கொள். தெரியாத எண்ணிலிருந்து கிறுக்கல் கையெழுத்து படம் படமாக வருகிறதே என்று அழித்துவிடாதே, இது கீழ்வீட்டுத் தையல்காரியின் ஃபோன். அவள் கடையில் துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் அளவு குறிக்கும் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன், முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். நம் வீட்டில் இருப்பது ஒரே ஃபோன், அது அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில், பேசினால் கேட்டுவிடுவார், செய்தி அனுப்பினால் படித்துவிடுவார். ஜன்னல் திரைக்கு அளவு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்திருக்கிறேன். நம் வீட்டில் இருப்பதே இரண்டு ஜன்னல், அதற்கு எவ்வளவு நேரம் அளவு கொடுக்க முடியும், கொஞ்ச நேரத்தில் சந்தேகம் வந்துவிடும், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள். சாப்பிட்டாயா? இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டு வந்து படி, பசியோடு படிக்கிற கடிதம் இல்லை இது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைச் சரணாலயத்திலிருந்து அப்பா அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நீ எழுதியிருந்தாய், அப்பா கலக்கிட்டீங்க, நான்தான் சொன்னேனே ஈசியான பாதைன்னு, அடுத்த வாரம் பெரிய சுற்று போயிட்டு வாங்க, அங்க தொங்குபாலம் இருக்காம், அதுல நின்னு ஒரு படம் அனுப்புங்க என்று. உன்னைத் திட்டுவதற்காக இதை எடுக்கவில்லை, உனக்கு என்ன தெரியும். ஆனால் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இந்த மனுஷன் வருகிற ஞாயிறு பெரிய சுற்று போயே தீருவேன் என்று நிற்கிறார். போனால் திரும்ப மாட்டார் கண்ணு. பயத்தில் உளறுகிறேன் என்று நினைக்காதே. பயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை, ஆனால் இது பயம் சொல்வது இல்லை.

உனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவுக்குக் கொஞ்சம் மூச்சிரைக்கிறது, வயசாகிவிட்டது, நடந்தால் சரியாகிவிடும் என்பதுதான். நாங்கள் உனக்குச் சொன்னதே அவ்வளவுதான். அப்பாவின் நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே போகிறது. பணிமனையில் அத்தனை வருஷம் புகையும் தூசியும் குடித்ததாலா, வேறெதனாலா, யாருக்கும் தெரியவில்லை, தெரிந்து என்ன ஆகப்போகிறது, இறுகினது இறுகினதுதான், இனி இளகாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது, மூக்கில் குழாயோடுதான் தூங்குகிறார், குழாயோடுதான் குளிக்கிறார், கூடத்திலிருந்து சமையலறைக்கு வருவதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். வெளியே போக வேண்டுமென்றால் சின்ன சிலிண்டர், சக்கரம் வைத்த பையில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசியாகப் போனபோது டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பார்க்க வேண்டியவங்க யாராவது தூரத்துல இருந்தா இப்பவே வரச் சொல்லிடுங்கம்மா, அப்புறம்னு தள்ளிப் போடாதீங்க என்றார். அப்பா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, அப்படி யாரும் இல்லீங்க டாக்டர் என்றார். வெளியே வந்து பெரிய சண்டை. அவ வேலை நிரந்தரமாகற வரைக்கும் ஒரு வார்த்தை போகக்கூடாது, உன் முட்டி ஆபரேஷனுக்கு ஓடி வந்து ஏற்கெனவே ஒரு வேலையைத் தொலைச்சா, எனக்காக இன்னொண்ணையும் தொலைக்கணுமா, சொன்னேன்னு தெரிஞ்சுது, உன்கூட பேசவே மாட்டேன் என்றார். பேசாம இருந்தா மூச்சாவது மிச்சமாகும் என்று நானும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன், அவர் பக்கத்தில் நின்று என் தலையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நீ ஃபோன் பண்ணும் நாளில் நம் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன் கேள். மத்தியானத்திலிருந்தே வாய் திறக்க மாட்டார், எதைக் கேட்டாலும் கையாலேயே பதில், மூச்சைச் சேர்த்து வைக்கிறாராம். உன் அழைப்பு வரும் நேரம் நெருங்கினால் மெஷினை நிறுத்தச் சொல்வார், அதன் இரைச்சல் உனக்குக் கேட்டுவிடுமாம். ஒரு தடவை நீ அது என்னப்பா சத்தம் என்று கேட்டாய், கீழே தையல் மிஷின்மா என்றார், அதைக் கேள்விப்பட்டுவிட்டு இந்தத் தையல்காரி, என் மிஷின் அவ்வளவு கேவலமாவா கத்துது என்று சண்டைக்கு வந்தாள். குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என்ன சின்ன முதலாளி, ஆபீஸ் உன் பேச்சைக் கேக்குதா, நீ ஆபீஸ் பேச்சைக் கேக்கறியா என்று ஆரம்பிப்பார். நீ சிரிப்பாய். ஒரு கேள்வி கேட்டுவிட்டு உன்னைப் பேச விட்டுவிடுவார், நீ பேசுகிற நேரமெல்லாம் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார், நான் குழாயைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நிற்பேன். அப்பா முன்ன மாதிரி இல்லம்மா, நான் பேசறதைப் பொறுமையா கேக்கறார் என்று நீ என்னிடம் சந்தோஷப்பட்டாயே, அந்தப் பொறுமை இதுதான். இந்தா, அம்மாகிட்ட பேசு என்று கொடுக்கும்போது உதடு நீலம் பாய்ந்திருக்கும். ஒரு கையால் அவருக்குக் குழாயை மாட்டிக்கொண்டே உன்னிடம் உம் உம் என்று பேசுவேன். அம்மாவுக்கு என் பேச்சுல அக்கறையே இல்லை என்று நீ கோபித்துக்கொண்டபோதுகூட வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஃபோனில் முகம் தெரிகிற கேமரா கெட்டுப்போச்சு என்று சொன்னதும் பொய், அது நன்றாக இருக்கிறது.

இப்போது அந்த நடைக்கு வருகிறேன். நடந்தால் நல்லது என்று நீ அனுப்பிய சரணாலயக் குறிப்பை அப்பா எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார், ஆற்றை ஒட்டி எளிதான பாதை, குறுகிய சுற்று, சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் போகலாம். பாரு, பெரியவங்கன்னு நம்மளைத்தான் சொல்லியிருக்கான் என்றார். டாக்டரம்மாவைக் கேட்டேன், கொஞ்ச தூரம் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தால் தப்பில்லை, மாற்று சிலிண்டர் கையில் இருக்கட்டும் என்றார். எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான், எத்தனை நாள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பது. கூட்டம் வந்து குழாயைப் பார்ப்பதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினோம். இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கூடத்துப் பலகையை நீ மறந்திருக்க மாட்டாய். பணிமனைக் கருவி அறையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் ஓர் ஆணி அடித்து, அதன் உருவத்தைச் சுவரில் பெயிண்டால் வரைந்து, எது குறைந்தாலும் ஒரே பார்வையில் தெரியணும் என்று எல்லாரையும் ஆட்டி வைத்து, ஆணி ஐயா என்று பெயர் வாங்கியவர், அந்தப் பைத்தியத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்து கத்தரிக்கோல், டார்ச், நகவெட்டி, வடிகட்டி வரைக்கும் உருவம் வரைந்து மாட்டினாரே. வெளியே கிளம்பும்போது நாம் பார்ப்பதே அந்தப் பலகையை மட்டும்தான், காலி உருவம் இல்லையென்றால் எல்லாம் சரி, கதவைப் பூட்டு. சிலிண்டரைத் திறக்க ஒரு குட்டிச் சாவி உண்டு, அது இல்லாமல் திருகு அசையாது. அது வீட்டுக்கு வந்த அன்றைக்கே அதற்கும் ஓர் ஆணி, ஓர் உருவம். அன்றைக்குக் காலையில் மாற்று சிலிண்டர் சரியாக இருக்கிறதா என்று சாவி போட்டுத் திறந்து பார்த்தேன், உஸ் என்றது, மூடினேன், சாவியைக் கொண்டுபோய் அதன் ஆணியில் மாட்டினேன். யோசித்துச் செய்யவில்லை, இத்தனை வருஷம் இவரோடு குடும்பம் நடத்திய கை, அதுவாகப் போய் மாட்டிவிட்டது. வாசலில் நின்று அவர் பலகையைப் பார்த்தார், ஒன்றும் குறையவில்லை, எல்லாம் இருக்கு வா என்றார். இன்றைக்கு ஒன்று குறைந்தால்தான் சரி என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

போனது நல்ல இடம், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். மரப்பலகை போட்ட பாதை, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு நாணல், அங்கங்கே உட்கார பெஞ்சு. பெஞ்சுக்குப் பெஞ்சு நடந்தோம், அவர் முன்னால், நான் பையை இழுத்துக்கொண்டு பின்னால். சக்கரம் பலகை இடுக்கில் மாட்டும்போதெல்லாம் நின்று திரும்பி, மெதுவா இழு, நான் ஓடிப்போயிட மாட்டேன் என்பார். தூக்கிக்கொண்டிருக்கும் ஆணியெல்லாம் அவர் கண்ணில்தான் படும், யாரு வேலை பார்த்தான் இதை என்று ஆற்றைப் பார்த்துக் கேட்பார். ஒரு மீன்கொத்தி எங்களுக்கு எதிரிலேயே பாய்ந்து மீனைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் என் கையைப் பிடித்ததே இல்லை அந்த மனுஷன். நான் சந்தோஷமாக இருந்தேன் கண்ணு, அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது. நடக்க நடக்க மூச்சு போதவில்லை என்று எனக்குத் தெரியாமல் காற்றைக் கூட்டி வைத்திருக்கிறார். ஆறு வளைகிற இடத்தில் பறவை பார்க்கிற மரக்குடிசை ஒன்று இருக்கிறது, அதுதான் பாதிவழி, அதற்குள் போய் உட்கார்ந்தபோது சிலிண்டர் தலையில் இருக்கிற மீட்டரின் முள் அடிமட்டத்தில் கிடந்தது. இருக்கட்டும், மாத்து இருக்கில்ல என்றார். இருந்தது. மீட்டரைக் கழற்றிப் புது சிலிண்டரில் மாட்டிவிட்டுச் சாவிக்காகப் பையில் கையை விட்டேன்.

தேடவே இல்லை நான். கையை விட்ட உடனே தெரிந்துவிட்டது, அது எங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று கண்ணுக்கு முன்னால் நேராகத் தெரிந்தது. அவரைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. அதோட இடத்துலதான் இருக்கும் என்றார், அந்த நேரத்திலும் அந்த வாய்! விரலால் திருகினேன், துணியைச் சுற்றித் திருகினேன், கொண்டை ஊசியை நுழைத்தேன், கல்லால் அடித்தேன், விரல் நுனி கிழிந்ததே தவிர அது மயிரிழை அசையவில்லை. ஃபோனை எடுத்தால் சிக்னல் ஒரு கோடு இல்லை. சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. கத்தினேன், விளையாட்டு டீச்சராக மைதானத்தின் மறுகோடிப் பிள்ளையை நிற்க வைத்த குரல்தான், நாணலுக்குள் எங்கேயோ போய்விட்டது. அவர் குழாயில் மிச்சமிருந்த கடைசிக் காற்றையும் இழுத்து முடித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி முன்னால் குனிந்து முழங்காலில் கையை ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு விரலைத் தூக்கினார். சுத்தியல் என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. காதைத் தீட்டிக் கேட்டேன், தூரத்தில் யாரோ பலகையில் ஆணி அடிக்கிற சத்தம். சுத்தியல் இருக்கிற பையில் ஸ்பேனரும் இருக்கும், போ என்று கையை ஆட்டினார். என்னால் போக முடியவில்லை. போய்விட்டு வரும்போது இவர் இருப்பாரா, நான் இல்லாத நேரத்தில் தனியாக அந்த மரக்குடிசையில், கடைசியாக அவர் பார்ப்பது என் முதுகாக இருந்தால் என்ன செய்வேன். நின்றுகொண்டே இருந்தேன். அவர் குனிந்தபடியே காலால் என்னைத் தள்ளினார், வலிக்கிற மாதிரி தள்ளினார்.

ஓடினேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு முட்டியைத் தூக்கு, கையை வீசு என்று கத்தியிருப்பேன், அன்றைக்கு என் முட்டி ஒன்றும் தூக்கவில்லை, கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நடுவில் அந்தச் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் நான் சாமியிடம் பேசிய பேச்சை உனக்கு எழுத மாட்டேன். திரும்பவும் கேட்டது. வளைவு திரும்பினால் ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பலகை மாற்றிக்கொண்டிருக்கிறான், காதில் பாட்டு மாட்டியிருக்கிறான், நான் கூப்பிடுவது கேட்கவில்லை, எனக்கோ நாக்கு உலர்ந்து வார்த்தை வரவில்லை. என்ன செய்தேன் தெரியுமா, அவன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டேன். ஏம்மா, ஏய், ஐயோ என் பை என்று துரத்திக்கொண்டு வந்தான். பிடித்தும் விட்டான், என் கதி அப்படி. மூச்சு, அவருக்கு மூச்சு என்று குடிசைப் பக்கம் கையைக் காட்டினேன். அந்த மகராசன் ஒரு கேள்வி கேட்கவில்லை, பையைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் பறந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளிருந்து அந்த உஸ் சத்தம் வந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா முகம் சாம்பலாக இருந்தது, கண் செருகியிருந்தது, அவர் விரல் காட்டிய திருகை ஸ்பேனரால் திறந்துவிட்டு அந்த ஆள் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் திறந்தார். உயிரைக் காப்பாற்றியவனிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, ஸ்பேனர்ல மண்ணு ஒட்டியிருக்கு தம்பி, துடைச்சு வை. அவன் என்னைப் பார்த்தான், துடைச்சிடுப்பா, இல்லேன்னா விட மாட்டார் என்றேன். துடைத்தான்.

அப்புறம் பலகை ஏற்றும் தள்ளுவண்டியில் அவரை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு சரணாலய வாசல் வரைக்கும் வந்தான். வாசலுக்கு வந்தாயிற்று, அத்தோடு வீட்டுக்குப் போவோமா? இல்லை. ஆத்தோரம் நின்னு ஒரு படம் எடு, அவ கேட்பா என்றார். எனக்கு அடிக்கிற ஆத்திரம் வந்தது. கெஞ்சுகிற மாதிரி பார்த்தார், அப்படி அவர் பார்த்து நீ பார்த்ததில்லை. குழாயைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, கனமான கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தள்ளி நின்னு எடு, ஆறு தெரியட்டும் என்றார். ஆறு தெரிய வேண்டும் என்று இல்லை, முகம் தெரியக்கூடாது என்று. எடுத்தேன். கிழிந்த விரலால் ஃபோனைப் பிடித்ததில் படம் சாய்ந்துவிட்டது. அம்மா எடுத்த படம்னு சாய்ஞ்சிருக்கறதுலயே தெரியுது என்று நீ சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாய். அப்பாவும் சிரித்தார். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்றையிலிருந்து என் கெஞ்சல் எதுவும் எடுபடவில்லை. பெரிய சுற்றில் படிக்கட்டு இருக்கிறது, மேடு இருக்கிறது, பாலம் ஆடும் என்றேன், சாவியை நானே கழுத்துல மாட்டிக்கறேன், போதுமா என்கிறார், தொல்லையே சாவிதான் என்கிற மாதிரி. அவருடைய ஷூவை ஒளித்து வைத்தேன், அந்த வீட்டில் எதையாவது ஒளித்து வைக்க முடியுமா, ஷூ இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். சிலிண்டர் கொண்டுவருகிறவனிடம் இந்த வாரம் வராதே என்று ரகசியமாகச் சொன்னேன், அவரே ஃபோன் பண்ணி வரவழைத்துவிட்டார். டாக்டரம்மா வேண்டாம் என்று நேரிலேயே சொன்னார், தலையாட்டிவிட்டு வந்தார். சின்ன முதலாளி சொல்லியாச்சு, போகலேன்னா ஏன்னு கேப்பா, அப்புறம் என்ன சொல்றது என்கிறார். உன்னிடம் முடியலை என்று சொல்வதைவிட அந்தப் பாலத்திலிருந்து விழுவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது. என் பேச்சு போதாதடி. கூடவே இருந்து கூடவே இருந்து என் பேச்சு அவருக்கு அந்த மெஷின் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

இப்போது மேலிருந்து தரையைத் தட்டினார், கூப்பிட மூச்சு கிடையாது, கைத்தடியால் தட்டுவார், போய்விட்டு வந்து எழுதுகிறேன். வந்துவிட்டேன், எதற்குக் கூப்பிட்டார் தெரியுமா, மழைக்கோட்டு எங்கே என்று கேட்க. ஞாயிற்றுக்கிழமை தூறல் இருக்குமாம், பாலத்தில் நனைந்தால் சளி பிடித்துவிடுமாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திரைக்கு அளவு கொடுத்தாச்சா என்றார், இன்னும் பூ வைத்ததா கோடு போட்டதா என்று முடிவாகவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். பொய்க்குப் பொய், வீடே பொய்யால் நிற்கிறது. எழுத எழுதத் தையல்காரி படித்துக்கொண்டே இருக்கிறாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எதுக்கு இவ்வளவு நீட்டறே, வந்து தொலைன்னு எழுது என்கிறாள். அவள் சொல்வதும் சரி.

உன்னால்தான் முடியும். இன்றைக்கே ஃபோன் பண்ணி, அப்பா, பெரிய சுற்று நீங்க தனியா போகாதீங்க, நான் வர்றேன், நாம சேர்ந்து போகலாம், அந்தப் பாலத்தை நானும் உங்களோட பார்க்கணும் என்று சொல். அது ஒன்றுக்குத்தான் கட்டுப்படுவார். நான் சொன்னேன் என்று காட்டிக்கொடுக்காதே, காட்டிக்கொடுத்தாலும் பரவாயில்லை, என்னோடு பேசாமல் இருந்தால் இருக்கட்டும், இருந்தால் போதும். ஆனால் ஒன்று, அவரை நிறுத்துவதற்காகச் சும்மா சொல்லாதே. வர்றேன் என்று நீ சொல்லிவிட்டால் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார், உன் ஃபோனுக்கு மூச்சைச் சேர்த்து வைக்கிற மாதிரி, இருக்கிறதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். அந்த மனுஷனைக் காக்க வைத்து ஏமாற்றிவிட்டால் அப்புறம் உனக்கும் ஆறாது, எனக்கும் ஆறாது. வேலை போனால் போகட்டும் என்று நான் எழுத மாட்டேன், நீ எப்படி உழைத்து ஏறினாய் என்று எனக்குத் தெரியும். விடுப்பு கேள், அழு, கெஞ்சு, யார் காலில் வேண்டுமானாலும் விழு, ஆனால் வருஷக் கடைசி என்று சொல்லாதே. வருஷக் கடைசி எங்களுக்கு ரொம்ப தூரம். நான் இதுவரைக்கும் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன், வந்துவிடு. ராத்திரியெல்லாம் அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன், இரைச்சல் இருந்தாலும் பயம், கொஞ்சம் குறைந்தாலும் பயம், தனியாக என்னால் இதைத் தாங்க முடியவில்லை கண்ணு.

வரும்போது எப்படி இருப்பார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் கண்ணில் இருக்கிற அப்பா இல்லை. சட்டைக் கழுத்து இரண்டு ஆள் நுழைகிற மாதிரி தொங்கும். கன்னம் உள்ளே போய்விட்டது, பல்செட்டு ஆடுகிறது, அதனால் பேசும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். குழாய் அழுத்தி அழுத்திக் காதுக்கு மேலே புண்ணாகிவிட்டது, பஞ்சு வைத்திருக்கிறேன். விரல் நுனியெல்லாம் தடித்து உருண்டு நீலமாக இருக்கும். எழுந்து வந்து உன் பையை வாங்கப் பார்ப்பார், விட்டுவிடு, பாதி வழியில் அவரே நிற்பார், நீ கவனிக்காத மாதிரி செருப்பைக் கழற்றிக்கொண்டிரு, அதற்குள் சமாளித்துக்கொள்வார். கட்டிப்பிடிக்கும்போது இறுக்காதே, எலும்புதான் இருக்கிறது. இதையெல்லாம் திரும்பத் திரும்பப் படி, மனசுக்குப் பழகுகிற வரைக்கும் படி. வாசலில் நின்று உன் முகம் மாறினால் அவர் தாங்க மாட்டார், உன் முகத்தில்தான் அவர் தன்னைப் பார்க்கப் போகிறார்.

தலை ஈரத்தோடு படுக்காதே, வழியில் எதையாவது வாயில் போட்டுக்கொள், பாஸ்போர்ட்டைப் பையின் அடியில் வைக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நெஞ்சு நிறைய மூச்சு விட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நீ நெடுநாள் வாழணும், அப்பாவின் ஆசியும் இதில் இருக்கிறது, அவருக்குத் தெரியாமல் நான் எடுத்துக்கொண்டேன். மறக்காதே, ஞாயிற்றுக்கிழமைக்குள். படித்த உடனே கூப்பிட்டுவிடாதே. அழ வேண்டியதையெல்லாம் அங்கேயே அழுது முடித்து, முகம் கழுவி, தண்ணீர் குடித்து, குரல் சரியான பிறகு கூப்பிடு. எடுப்பது அப்பாதான். சிரித்துக்கொண்டே பேசு.

நீ வருகிற வரைக்கும் அவரைப் பிடித்து வைத்திருக்கும்,
உன் அம்மா.